டீச்சரிடம் கேளுங்கள்: எழுத வருகிறது, பேச வரவில்லை

பாளையங்கோட்டையிலும் தான்சானியாவின் மொரோகோரோவிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: டீச்சர் அவர்களுக்கு வணக்கம். திருநெல்வேலிக்கு அருகே ஒரு கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் என் அறைத்தோழி தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து வந்தவள். அவள் வீட்டில் பேசுவது சுவாஹிலி. தேர்வில் என்னைவிட நன்றாக எழுதுகிறாள். ஆனால் முதல் பருவத்தில் அவள் செமினார் கொடுத்தபோது வகுப்பில் சிலர் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து “எனக்கு ஆங்கிலம் வராது” என்று சொல்லி வாயே திறப்பதில்லை. அடுத்த மாதம் மறுபடியும் செமினார் வருகிறது. நானும் தமிழ் வழியில் படித்தவள்தான், எனக்கே பேசத் தடுமாற்றம். இதில் அவளுக்கு நான் எப்படி உதவுவது? அவளிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.
– மாணவி, வண்ணார்பேட்டை

பதில்: ஆங்கிலம் வராதவள் ஆங்கிலத்தில் தேர்வெழுதி உன்னை முந்துவாளா, மகளே? அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வருகிறது. சிரித்தவர்கள் முன்னால் வாய் திறக்கத்தான் வரவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அவள் எப்படிப் படித்து வந்தாள் என்று கேட்டுப் பார். தான்சானியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அவள் படித்த காலத்தில் ஏழு ஆண்டும் சுவாஹிலி வழிதான். ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவே. அடுத்த ஆண்டு மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தால் இயற்பியல், உயிரியல், வரலாறு எல்லாம் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். நம் அம்பாசமுத்திரத்துப் பையன் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியில் முதல் வாரம் திருதிருவென்று விழிக்கிறானே, அந்த விழிப்பு அவர்களுக்குப் பதிமூன்று, பதினான்கு வயதிலேயே வந்துவிடுகிறது.

நான் அங்கே பார்த்த வகுப்புகளில் ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முக்கால்வாசி சொல்லி இழுப்பார். கடைசிச் சொல்லை வகுப்பு மொத்தமும் கோரஸாகச் சொல்லி முடிக்கும். பாளையங்கோட்டையிலும் இதே பாட்டுதான். அத்தனை குரல்களுக்கு நடுவே ஒரு குரல் ஒளிந்துகொள்வது எளிது. கரும்பலகையைப் பார்த்து எழுதி, கோரஸில் சேர்ந்து, தனிக்குரலில் ஒரு முழு வாக்கியம்கூடச் சொல்லாமல் பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம். போதாததற்கு, நான் வேலை பார்த்த பள்ளி வளாகத்தில் சுவாஹிலி பேசினால் தண்டனை உண்டு. இங்கே சில ஆங்கிலப் பள்ளிகளில் தமிழ் பேசினால் அபராதம் வாங்குகிறார்களே, அதே கூத்து. அந்தத் தண்டனையால் எந்தப் பிள்ளைக்கும் ஆங்கிலம் வளர்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வாயை மூடிக்கொண்டார்கள்.

செமினாரில் எதற்குச் சிரித்தார்கள் என்று நீ எழுதவில்லை. ஆனால் ஊகிக்க முடிகிறது. சுவாஹிலியில் உயிரொலிகள் ஐந்தே ஐந்து. நமக்கு இருப்பது போன்ற குறில் நெடில் இணைகள் அங்கே இல்லை. அதனால் கப்பலுக்கான ஷிப்பும் செம்மறிக்கான ஷீப்பும் அவள் வாயில் ஒன்றுபோல் வரும். வொர்க் என்பது ஏறத்தாழ ‘வாக்’ என்று ஒலிக்கும். அப்பா வங்கியில் வேலை பார்க்கிறார் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னால், அவர் வங்கிக்குள் நடந்துகொண்டே இருப்பதாக நம் பிள்ளைகளின் காதில் விழும். சொல்லின் முடிவில் மெய்யொலி தனியாக நின்றால் அதனோடு ஓர் உயிரை ஒட்டிவிடுவதும் அந்த மொழியின் பழக்கம். பஸ் அவர்களிடம் ‘பாஸி’, பேங்க் ‘பெங்கி’. சிரித்த பிள்ளைகளின் வீட்டில் அதே பஸ் ‘பஸ்ஸு’, அதே பேங்க் ‘பேங்கு’. அவர்கள் இகரத்தை ஒட்டினால் நாம் உகரத்தை ஒட்டுகிறோம். இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

விடுதிக் காப்பாளர் அம்மாவை அவள் சில நேரம் ‘ஹீ’ என்று சொல்லியிருப்பாள், கவனித்திருக்கிறாயா? சுவாஹிலி வினைச்சொல்லில் வருகிறான், வருகிறாள் என்ற பிரிவு கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம்தான். மெதுவாகப் பேசும்போது சரியாகச் சொல்லிவிடுவாள். பதற்றத்தில் வேகம் கூடினால் தாய்மொழி எட்டிப் பார்க்கும். இதற்கெல்லாம் இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கேட்பவருக்கு யாரைச் சொல்கிறாள் என்று புரிந்தால் போதும்.

அவளிடம் இருக்கிற சில சொத்துகள் உன்னிடம் இல்லை என்பதையும் தெரிந்துகொள். சுவாஹிலியில் முப்பதுக்குச் சொல் ‘தெலாதினி’. நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடும் ஒலி அதில் இரண்டு இடத்தில் வருகிறது. ஆங்கிலத்தில் திங்க் என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் அதே ஒலி. நாம் அதைத் தகரமாக்கி முடித்துவிடுகிறோம். ஃப, ஸ, ஷ ஒலிகளும், நாம் ஜகரமாக்கிவிடும் ஜூ, ஜீப்ரா போன்ற சொற்களின் முதல் ஒலியும் அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ஆக, ஷீப்புக்கு நீ டீச்சர், திங்குக்கு அவள் டீச்சர். இந்த ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் கருணை காட்ட வேண்டியதில்லை.

இனி செமினாருக்கு வருவோம். உயிரொலி வேறுபாட்டையெல்லாம் ஒரு மாதத்தில் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். ஒன்றே ஒன்றில் மட்டும் உழையுங்கள்: சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதில். சுவாஹிலியில் இது மிக எளிது. ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். மருத்துவமனை ‘ஹோஸ்பிடாலி’, ‘டா’வில் அழுத்த வேண்டும். ஆங்கிலம் அப்படி ஒழுங்கான மொழி இல்லை. ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவதில். உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள். ஃபோட்டோசிந்தஸிஸ் என்ற சொல்லில் ‘சிந்’ அழுத்தமாக வர வேண்டும். சுவாஹிலிப் பழக்கத்தில் அடுத்த அசைக்குப் போய்விடும். குளோரோஃபில்லில் முதல் அசை அழுந்த வேண்டும், அவள் நடு அசையை அழுத்துவாள். உயிரொலி சற்றுப் பிசகினாலும் கேட்பவர் சமாளித்துக்கொள்வார். அழுத்தம் இடம் மாறினால் தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகிவிடும். நாமோ எல்லா அசையையும் ஒரே கனத்தில் தட்டிக்கொண்டு போகிறவர்கள் என்பதால் இந்தப் பயிற்சி உனக்கும் உதவும். செமினாரில் திரும்பத் திரும்ப வரப்போகிற கலைச்சொற்களை ஒரு தாளில் எழுதி, அழுத்த வேண்டிய அசைக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். அகராதியில் அந்த இடத்துக்குச் சிறு கீற்று ஒன்று போட்டிருக்கும். கைப்பேசி அகராதியில் ஒலியையும் கேட்கலாம்.

தொடக்க வாக்கியங்கள் இரண்டு மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யட்டும். மற்றதை மனப்பாடம் செய்யவே கூடாது. நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். அந்தத் தொடக்கத்தில் வகுப்புக்கு வணக்கம் சொல்லி, எல்லோரும் நலமா என்று கேட்கிற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். சுவாஹிலி பேசுகிறவர்கள் காலை எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி என்று வரிசையாக விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். நலம் விசாரிக்காமல் பாடத்துக்குள் குதிப்பது அவளுக்கு முரட்டுத்தனமாகத் தோன்றும். பாதிக் கூச்சம் அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, அன்றைய பட்டியலில் முதல் ஆளாக அவளைப் போடும்படி பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரம்தான் கைகாலை நடுங்க வைக்கிறது.

அதுவரை இரவு சாப்பாட்டுக்குப் பின் இருவரும் பேசுங்கள். பாடம் வேண்டாம். நீ சொதி வைப்பது எப்படி என்று அவளுக்குச் சொல். முதல் தேங்காய்ப் பால், இரண்டாம் பால், எதை எப்போது ஊற்றுவது, ஏன் கொதிக்க விடக் கூடாது, பக்கத்தில் இஞ்சித் துவையல் ஏன் வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார், முழி பிதுங்கும். அவள் உகாலி கிண்டுவதைச் சொல்லட்டும். கொதிக்கிற நீரில் சோள மாவைக் கொட்டி, மரத் துடுப்பால் கெட்டியாகும்வரை கிண்டுவார்கள். நம் உளுந்தங்களி கிண்டுகிற கைக்கு அது உடனே விளங்கும். முதலில், பிறகு, இல்லாவிட்டால், அதற்குள் என்று வாக்கியங்களைக் கோக்க வைக்கிறது சமையல். இந்தப் பேச்சில் உங்களுக்குள் ஆங்கிலத்தை விட்டால் வேறு வழி கிடையாது என்பதுதான் பெரிய லாபம். உன் வகுப்புத் தோழிகளோடு நீ ஆங்கிலம் பேசப் பழகினால் ஐந்தாவது நிமிடம் தமிழுக்கு வந்துவிடுவாய். அவளுக்கும் தன் நாட்டுத் தோழிகளோடு அதே கதைதான். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் கிடைக்காத ஏற்பாடு உங்கள் அறையில் இலவசமாக இருக்கிறது.

ஒரு பொறியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இருவருமே அதில் விழுவீர்கள். “சாப்பிடவில்லையா?” என்று கேட்டால் நாம் “ஆமாம், சாப்பிடவில்லை” என்போம். சுவாஹிலியிலும் அப்படியே. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘நோ’ வர வேண்டும். பேராசிரியர் “புரியவில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டு, அவள் ‘யெஸ்’ என்றால், புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், புரிந்தது அல்லது புரியவில்லை என்று முழுதாகச் சொல்லப் பழகுங்கள்.

மறுபடியும் யாராவது சிரித்தால்? அவள் நிறுத்தி, “எந்தச் சொல் புரியவில்லை? திரும்பச் சொல்கிறேன்” என்று கேட்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தையும் அறையில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நீ முன் வரிசையில் உட்கார்ந்திரு.

கேள்வி: சென்ற இதழில் இங்கே படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் பிள்ளைகளே ஆங்கிலம் பேசத் திணறுகிறார்கள். முதலில் அவர்களைக் கவனிக்கக் கூடாதா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், அதில் நம் பிள்ளைகளுக்கு என்ன குறைந்தது என்று. இன்னொருவர் நாக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்கும்போதுதான் நம் நாக்கு எங்கே இடறுகிறது என்பதும் தெரிகிறது.

வெளியிலிருந்து வந்து மொழிக்குத் திணறியவர்கள் நம் சீமைக்குப் புதியவர்களா என்ன? 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த கால்டுவெல்லுக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. சென்னையில் இருந்தபோதே தமிழ் கற்கத் தொடங்கியவர், பிறகு தேரிக்காட்டு மக்களோடு பேசிப் பழகினார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையே எழுதி வெளியிட்டார். தான்சானியா பக்கமும் ஒருவரைச் சொல்கிறேன். அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே அடிப்படையில் பள்ளி ஆசிரியர். மக்கள் அவரை ‘ம்வாலிமு’, அதாவது ஆசிரியர் என்றே அழைத்தார்கள். எடின்பரோவில் படித்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் இரண்டைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தவர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அது வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: தூத்துக்குடியில் முந்திரி இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். தான்சானியாவின் ம்துவாரா பகுதியிலிருந்து எங்களுக்குக் கொல்லாங்கொட்டை வருகிறது. அங்குள்ள முகவரோடு போனில் பேசும் வேலையை இப்போது என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மின்னஞ்சல் என்றால் பயமில்லை. போன் மணி அடித்தாலே வியர்க்கிறது. அவர் பேசும் ஆங்கிலம் எனக்கும், நான் பேசுவது அவருக்கும் சரியாகப் புரிவதில்லை.
– கணக்கர், தூத்துக்குடி

பதில்: தம்பி, மறுமுனையில் இருப்பவரும் உங்கள் எண்ணை அழுத்துவதற்கு முன் நாலு வாக்கியங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அழைப்பார். அவர் வெள்ளைக்காரர் இல்லை. ஆங்கிலம் உங்கள் இருவருக்குமே இரவல். உங்கள் இலக்கணத்துக்கு மதிப்பெண் போட அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சரக்கு, விலை, தேதி இந்த மூன்றும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தால் அந்தப் பேச்சு வெற்றி.

எண்களில்தான் உங்கள் ஆபத்து இருக்கிறது. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், ஃபார்ட்டீனும் ஃபார்ட்டியும் போனில் குழம்பும். குறில் நெடில் பார்க்காத காதும், எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்லும் வாயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் தொழிலில் 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு என்று அவுட்டர்ன் பேசுகிறீர்கள். அதில் ஒரு பவுண்டு வித்தியாசம் வந்தாலே விலை மாறும். ஆகவே எண்ணைச் சொன்ன கையோடு இலக்கம் இலக்கமாகப் பிரித்தும் சொல்லுங்கள்: ஃபிஃப்டி, ஃபைவ் ஜீரோ. ஈரப்பதம், ஒரு கிலோவுக்கு எத்தனை கொட்டை என்ற எண்ணிக்கை, மூட்டைக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே முறை. அவர் சொன்னதையும் அப்படியே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். இதைத் தடுமாற்றம் என்று அவர் நினைக்க மாட்டார், கவனமான ஆள் என்றுதான் நினைப்பார்.

நேரம் குறிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். சுவாஹிலிக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, நம் ஒன்பது அவர்களுக்கு மூன்று. நம் பாட்டனார்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப் போலத்தான். ஆங்கிலம் பேசும்போது அவர்கள் மாற்றித்தான் சொல்வார்கள். ஆனால் அவசரத்தில் பழைய கணக்கு நழுவி வருவதுண்டு. மொரோகோரோவில் மூன்று மணிக்கு வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்ன மாணவன் காலை ஒன்பதுக்கே வீட்டு வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு நம் கடிகாரம் அவர்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. காலையா மாலையா, யார் ஊர் நேரம் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

எடுத்த எடுப்பில் விலையைக் கேட்காதீர்கள். குடும்பம் எப்படி, அறுவடை எப்படி, மழை உண்டா என்று ஒரு நிமிடம் பேசுங்கள். அங்கே அது மரியாதை. உங்களுக்கும் தெரிந்த வாக்கியங்களில் தொடங்குவதால் நாக்கு இளகும். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். போனை வைத்ததும், பேசி முடிவான எண்களையும் தேதியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவரிடம் சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வியர்வை நிற்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னை ஐஐடி தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் தொடங்கியிருக்கும் வளாகத்தில் சேர என் பேரன் விரும்புகிறான். அங்கே எந்த மொழியில் பேசுவான்? தமிழ் வழியில் படித்த பையன்.
– தாத்தா, பத்தமடை

பதில்: ஐயா, அந்த வளாகம் 2023-இல் தொடங்கியது. பாடம் ஆங்கிலத்தில்தான். கூடப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளில் பலரும் சுவாஹிலியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவர்களாகவே இருப்பார்கள். ஆகவே வகுப்பில் கூச்சப்பட அவனுக்குத் தனிக் காரணம் ஒன்றும் இல்லை. மீன் கடைக்கும் பஸ்ஸுக்கும் சுவாஹிலி வேண்டும். படிப்பதற்கு எளிய மொழி, எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்கலாம், சில மாதங்களில் வந்துவிடும். அங்கே இளையவர்கள் பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகமோ’ என்று வணங்குவார்கள், பெரியவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார். தெருவில் தாய்மாமனைக் கண்டும் காணாததுபோல் நழுவுகிற பையனாக இருந்தால் அங்கே சிரமப்படுவான். ஆங்கிலத்தைவிட அதை முதலில் கவனியுங்கள்.